மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதன் போலியும்

கரிசலாங்கண்ணி என்னும் பூண்டை அறியாத குடியானவர் நம் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இரார். நெல் வயலின் வரப்பிலும், வாய்க்கால் ஓரத்திலும், கிணற்றடியிலும் வெள்ளைப் பூவுடன் தானே முளைத்துக் கிடக்கும் அதனைக் கீரையாகக் கடைந்து உண்பதும், தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதும் நெடுநாளைய வழக்கம். அதே பெயரைத் தாங்கி மஞ்சள் பூப் பூக்கும் பூண்டு மற்றொன்று உண்டு. வெள்ளைப் பூண்டு மலிந்தது. மஞ்சள் பூண்டோ அரியது. தேடிச் செல்வோருக்கும் எளிதில் அகப்படுவதில்லை.

அரிய பொருளுக்குப் போலி தோன்றுதல் உலக இயல்பு. சில ஆண்டுகளாக மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரால் நாற்றுத் தோட்டங்களில் விற்கப்படுவதும், வீட்டு வாயில்களில் தொட்டியில் வளர்க்கப்படுவதும், கீரையென்று பறித்து உண்ணப்படுவதும் பல இடங்களில் உண்மையான பூண்டன்று; அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்ட வேறொரு கொடியே. இத்தவற்றால் உண்பவருக்கு மருந்து தவறுகிறது. பயிரிடுபவருக்கு முதல் நஷ்டமாகிறது. வாய்க்காலுக்கும் வரப்புக்கும் நீங்காத களை வந்து சேருகிறது. ஆகையால் இவ்விரண்டையும் பிரித்தறியும் விதத்தையும், உண்மைப் பூண்டைக் காத்துப் பெருக்கும் விதத்தையும் விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

பெயரும் குடும்பமும்

மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தமிழ் வைத்தியர் பொற்றலைக் கையாந்தகரை என்பர். கையாந்தகரை என்பது கரிசலாங்கண்ணியின் மறுபெயர். பொன் நிறமான தலையையுடையது என்பதால் பொற்றலை ஆயிற்று. இப்பெயரே இதன் முதல் அடையாளத்தையும் கூறிவிடுகின்றது.

தாவர சாஸ்திரிகள் இதனைச் சூரியகாந்திக் குடும்பத்தில் சேர்ப்பர். செவ்வந்தி, துலுக்கச் செவ்வந்தி, சூரியகாந்தி ஆகியவை இக்குடும்பத்தினவே. இவற்றில் நாம் ஒரு பூ என்று கருதுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். நடுவில் நெருங்கி நிற்பவை குழல் வடிவான பூக்கள். சுற்றிலும் இதழ்போல் விரிந்திருப்பவை நாக்கு வடிவான பூக்கள். ஒரு பூவை விரலால் பிய்த்துப் பார்ப்போர் இதனை எளிதில் உணரலாம். வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எனினும் அது எக்லிப்டா என்னும் வேறு இனம். மஞ்சள் பூண்டின் நிறம் மாறிய வகையன்று.

மஞ்சள் பூண்டை 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்துத் தாவர அறிஞர் தம் நூலில் குறித்தார். அது வளரும் தேசமாக அவர் கூறியது இலங்கையை. பின்னர் நெடுங்காலம் வெடேலியா என்னும் இனத்தில் வைக்கப்பட்டிருந்தது. இன்று அதன் சாஸ்திரப் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. இனப்பெயரின் முற்பகுதி, குளிர்ந்த சதுப்பு நிலங்களில் வளரும் ஒருவகைப் பாசியைக் குறிப்பது. ஈரமண்ணில் வாழும் இச்செடிக்கும் அப்பெயர் பொருந்துகின்றது.

செடியின் இயல்பு

இது பல்லாண்டு வாழும் பூண்டு. தண்டு தரையோடு படர்ந்து, கணுக்கள்தோறும் வேர்விட்டு, நுனியில் மட்டும் அரை அடி முதல் ஒன்றரை அடி வரை நிமிர்ந்து நிற்கும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. காம்பு இல்லாமலோ மிகக் குறுகிய காம்புடனோ தண்டை ஒட்டியிருக்கும். நீளம் ஒன்று முதல் மூன்று அங்குலம், அகலம் சொற்பமே. இலையின் இருபுறத்திலும் குறுமயிர் படிந்திருப்பதால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஒவ்வொரு பூத்தலையும் நீண்ட காம்பின் நுனியில் தனித்து நிற்கும். விரிந்தபோது ஏறக்குறைய ஓர் அங்குல அகலமிருக்கும். ஈரம் உள்ளவரையில் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும்.

உபயோகம்

இலையைப் பருப்புடன் கடைந்து கீரையாக உண்பர். கல்லீரலைச் சார்ந்த நோய்களுக்கும் காமாலைக்கும் சித்த வைத்தியர் இதனை வழங்குவர். தலைமயிர் வளரவும் நரை மறையவும் இலைச்சாற்றை எண்ணெயில் சேர்ப்பது நாட்டு வழக்கம். வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க அடிகள் கரிசலாங்கண்ணியைக் கீரைகளுள் முதன்மையாகப் போற்றியதால், அவர் வழி நடப்போர் இன்றும் இதனை நாள்தோறும் உண்ணுகின்றனர். வடலூர் நமக்கு அண்மையிலுள்ள ஊராதலின் இப்பக்கங்களிலும் அவ்வழக்கம் உண்டு. பூண்டுக்குத் தேவை குறையாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரசாயன சாஸ்திரத்திலும் இப்பூண்டு புகழ் பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் உழைத்தவர்களும் இதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெடேலியா என்ற அக்காலத்துப் பெயரைக் கொண்டே அதற்கு வெடலோலாக்டோன் என்று பெயரிட்டனர். அப்பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் உண்டு. ஆகவே இரண்டையும் ஒரே பெயரால் வழங்கிய நம் முன்னோரின் நோக்கு பொருளற்றதன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. காமாலை கண்டவர் கீரையை மட்டும் நம்பி வீட்டிலிருப்பது ஆபத்து. முதலில் மருத்துவரிடம் காட்டி நோயின் காரணத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். அரசு மருத்துவமனைகளிலுள்ள சித்த மருத்துவப் பிரிவுகளிலும் யோசனை பெறலாம்.

அரிதானதன் காரணம்

இது வறட்சியைத் தாங்கும் பூண்டன்று. வேர் நிற்கும் மண் ஆண்டு முழுவதும் சற்றேனும் ஈரமாக இருத்தல் வேண்டும். நம் ஜில்லாக்களிலோ பெரும்பாகம் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் இதற்கு இடமில்லை. அரியலூரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் மேடுகளிலும் இடமில்லை. எஞ்சியவை கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா. பழூர் நஞ்சைகள், புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் ஊர்கள், மருதையாறு, வெள்ளாறு இவற்றின் ஓரங்கள், ஏரிகளின் மதகடி, பச்சைமலை அடிவாரத்து ஓடைகள் ஆகிய சில இடங்களே.

அச்சில இடங்களும் சுருங்கி வருகின்றன. கசிவு நீர் நின்ற மண் வாய்க்கால் பல ஊர்களில் சிமெண்டு வாய்க்காலாயிற்று. வரப்புப் புல்லை அரிவாளால் அரிந்த காலம் போய்க் களைக்கொல்லி தெளிக்கும் காலம் வந்துவிட்டது. அரிவாளுக்குப் பிழைத்துத் தழைக்கும் பூண்டு மருந்துக்குப் பிழைப்பதில்லை. கவலையும் ஏற்றமும் ஓடிய நாளில் கிணற்றடியில் எந்நேரமும் நீர் கசிந்தது. குழாய்க் கிணற்றடி காய்ந்து கிடக்கின்றது. இவற்றோடு, மருந்துக்கு வேண்டுவோர் தண்டை அரியாமல் வேரோடு பிடுங்குவதும் சேர்ந்துகொள்கின்றது.

போலிச் செடி

போலியின் சாஸ்திரப் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. சிங்கப்பூர் டெய்சி என்றும் வழங்குவர். பெயரில் சிங்கப்பூர் இருப்பினும் அதன் தாயகம் மெக்ஸிகோ முதல் தென் அமெரிக்கா வரையிலுள்ள வெப்ப நாடுகளும் மேற்கிந்தியத் தீவுகளுமாம். தரையை விரைவில் மூடிப் பொன்னிறப் பூப் பூப்பதால் தோட்டங்களுக்காகவும் சாலையோரங்களுக்காகவும் உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டது. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினவாதலின் பூவைப் பார்த்து ஏமாறுதல் வியப்பன்று. பூவை மட்டும் பார்ப்பவர் எவரும் ஏமாறுவர். இலையைப் பார்ப்பவர் ஏமாறார்.

வேறுபாடு அறியும் விதம்

1. இலையின் உருவம்: உண்மைப் பூண்டின் இலை குறுகி நீண்டது, பிளவு இல்லை. போலியின் இலை அகன்றது. நடுவில் இருபுறமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி மூன்று பிரிவாகத் தோன்றும். டிரைலோபேட்டா என்பதற்கு மூன்று மடலுடையது என்பதே பொருள்.

2. இலையின் ஓரம்: உண்மைப் பூண்டின் ஓரம் பெரும்பாலும் நேரானது, இருந்தால் ஒன்றிரண்டு சிறு பற்கள் தெரியும். போலியின் ஓரம் அரம்போல் பற்கள் கொண்டது.

3. இலையின் மேற்பரப்பு: உண்மைப் பூண்டின் இலை மங்கலான பச்சை, தொட்டால் சொரசொரக்கும். போலியின் இலை தடித்துச் சதைப்பற்றுடன் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும்.

4. வளர்ச்சி: உண்மைப் பூண்டு அடக்கமாகப் படர்வது. போலியின் கொடி ஆறடிக்கு மேலும் ஓடி, மேட்டிலிருந்து தொங்கி, தரை தெரியாதபடி மெத்தைபோல் மூடும். கோடை வெயிலில் நீரின்றியும் பசுமையாய் நிற்குமாயின் போலி என்றே முதலில் ஐயுறல் வேண்டும்.

போலியின் இளந்தளிர்களில் மடல்கள் நன்கு தெரியாமலிருத்தல் கூடும். ஆதலின் ஓரிலையைக் கொண்டு முடிவு செய்யாமல், முதிர்ந்த கொடியில் பத்து இலைகளையேனும் பார்த்தல் வேண்டும்.

ஓர் அனுபவம்

இதனை நான் நூலிலிருந்து மட்டும் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளிடக் கரைக் கிராமமொன்றில் ஒரு நிலச்சொந்தக்காரர் மூலிகை பயிரிட விரும்பி என்னிடம் யோசனை கேட்டார். மஞ்சள் கரிசலாங்கண்ணி பயிரிடலாமென்று நானே கூறினேன். நாற்றுகள் வந்திறங்கிய அன்று உடனிருந்தேன். கூடையில் கட்டியிருந்த சீட்டைப் படித்தேனேயன்றி இலையைப் பார்த்தேனில்லை.

பயிர் செழித்து வளர்ந்தது. அவ்வளவு செழிப்பே எனக்கு ஐயம் தந்திருக்க வேண்டும், தரவில்லை. முதல் அறுவடையை மூட்டை கட்டிச் சித்த வைத்தியர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் மூட்டையை அவிழ்த்து ஓரிலையை எடுத்து ஒளியில் பிடித்துப் பார்த்து, "இது நம் மருந்து நூல்களில் உள்ள செடியன்று" என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார். பயிர் அதற்குள் வயலைக் கடந்து வாய்க்காலில் இறங்கியிருந்தது. அடுத்த மழைக்காலத்தில் வாய்க்கால் முழுவதும் கொடியாயிற்று. கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லையென்று முறையிட்டனர். அதனை நீக்க இரண்டு பட்டம் சென்றது. கூலிக்குச் செலவான பணம் நாற்றின் விலையினும் பன்மடங்கு. நிலச்சொந்தக்காரர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எனினும் தவறு என்னுடையதே. அவ்வைத்தியர் தம் வீட்டுக் கிணற்றடியிலிருந்து உண்மைப் பூண்டின் பத்துத் துண்டுகளைக் கொடுத்தனுப்பினார். இன்று அந்நிலத்தின் மோட்டார்க் கொட்டகை ஓரத்தில் நிற்பவை அவற்றின் வழி வந்தவையே.

போலியினால் விளையும் கேடு

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தைச் சேர்ந்த நிபுணர் குழு தொகுத்த, உலகில் மிகக் கொடிய 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இக்கொடியும் இடம் பெற்றுள்ளது. இது பெரும்பாலும் விதையால் பரவுவதன்று. தண்டின் ஒவ்வொரு கணுவும் ஒரு செடியாகும். மண்வெட்டி வெட்டிய துண்டும், வாய்க்கால் நீரில் மிதந்து சென்ற துண்டும், குப்பையோடு கொட்டிய துண்டும் சென்ற இடத்தில் வேரூன்றும். அன்றியும், இதன் இலையிலும் வேரிலுமிருந்து மண்ணில் கலக்கும் பொருள்கள் பிற செடிகளின் முளைப்பைத் தடுக்கின்றன என்று சோதனைகள் காட்டுகின்றன.

இதனினும் ஆழ்ந்த கேடு ஒன்றுண்டு. தென் சீனத்தில் நம் மஞ்சள் பூண்டும் இப்போலியும் அருகருகே வளர்ந்த இடங்களில் இரண்டும் கலந்த கலப்பினம் தோன்றியிருப்பதை அந்நாட்டு அறிஞர் கண்டுள்ளனர். ஆகவே போலியை உண்மைப் பூண்டின் அருகில் வைப்பது களையை வைப்பது மட்டுமன்று. உண்மைப் பூண்டின் வித்தையே கெடுப்பதுமாகும்.

அந்நியச் செடி என்ன செய்யுமென்பதை நம் மக்காச்சோள விவசாயிகளுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பார்த்தீனியமும் இதே சூரியகாந்திக் குடும்பத்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1955-ஆம் ஆண்டளவில் புனாவில் கவனிக்கப்பட்ட அச்செடி இன்று இல்லாத புறம்போக்கு இல்லை. அதனை ஒருவரும் விரும்பி நடவில்லை. இக்கொடியையோ நாமே விலை கொடுத்து வாங்கி நடுகின்றோம்.

உண்மைப் பூண்டைப் பயிரிடும் விதம்

இதற்கென்று பெரு நிலம் வேண்டுவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் ஓரம், மோட்டார்க் கொட்டகையின் வடிகால், தென்னை, வாழை இவற்றின் பகுதி நிழல் ஆகியவை போதும். விற்பனையை எண்ணுவோரும் ஒரு சென்டில் தொடங்கி, வாங்குவோரை உறுதி செய்துகொண்ட பின்னரே பெருக்குதல் நலம்.

அடையாளம் உறுதியான தாய்ச் செடியிலிருந்து மூன்று நான்கு கணுக்களுடன் அரை அடி நீளமான துண்டுகளை எடுக்க வேண்டும். நன்கு மக்கிய தொழு உரம் கலந்த மண்ணில், இரண்டு கணுக்கள் புதையும்படி அடிக்கொன்றாக நடுக. இவ்விடைவெளியில் ஒரு சென்டுக்கு ஏறக்குறைய 435 துண்டுகள் பிடிக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் நடுவது சிறந்தது. வேர் பிடிக்கும் வரை நாள்தோறும், பின்னர் மண் காயாத அளவிற்கும் நீர் விடவேண்டும். நீர் தேங்கவும் கூடாது. தொடக்கத்தில் இரண்டு முறை கையால் களை எடுத்தால், பின்னர்ப் பூண்டே தரையை மூடிக்கொள்ளும். உண்ணும் இலையாதலின் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அறவே ஆகா.

நட்ட இரண்டு மூன்று மாதங்களில் முதல் அறுப்புக்கு வரும். தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு அரிவாளால் அரிக; ஒருபோதும் பிடுங்கற்க. அறுத்ததை நிழலில் உலர்த்தினால் பச்சை நிறம் மாறாது. வெயிலில் கருகிய சரக்கை வைத்தியர் விரும்பார்.

போலியை ஒழிக்கும் விதம்

போலி குடிபுகுந்த இடத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுதல் பெருந்தவறு. ஒரு கொடி நூறு துண்டாகி நூறு செடியாகும். மண் ஈரமாயிருக்கையில் கையால் வேரோடு பிடுங்கி, கட்டாந்தரையிலோ தார்ப்பாயிலோ பரப்பி, நொறுங்கும்வரை வெயிலில் காயவிடுக. பச்சையாக எருக்குழியிலும் வாய்க்காலிலும் எறிதல் கூடாது. வாய்க்காலில் வேலை செய்யும்போது மேல்மடையிலிருந்து கீழ்நோக்கிச் செல்க. கீழிருந்து தொடங்கினால் மேலிருந்து மிதந்துவரும் துண்டுகள் சுத்தம் செய்த இடத்தில் மீண்டும் பற்றும். மாதம் ஒருமுறை சென்று, தலைகாட்டும் தளிரைப் பிடுங்கி வந்தால் ஓராண்டிற்குள் பெரும்பாலும் அடங்கும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

உயிரியற் பன்மைச் சட்டம், 2002 என்பதன்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். ஊரிலுள்ள செடி, கொடி, பிராணிகளை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி இயற்கையாக வளரும் இடம் ஊர் எல்லையில் இருப்பின், அதனை இடங்குறித்து அப்பதிவேட்டில் எழுதி வைப்பது பெரும் உபகாரமாகும். ஏரி, வாய்க்கால் செப்பனிடும் காலத்தில் அவ்விடத்தில் நாலு முழக் கரையை மட்டும் தொடாமல் விடும்படி மேற்பார்வை செய்வோருக்குக் கூறுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஊராட்சிப் பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் அழகுக்கென்று போலிக் கொடியை நடவிடலாகாது. ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட கரைவெட்டி ஏரியைச் சூழ்ந்த ஊரார் இதில் இருமடங்கு கவனம் வைத்தல் தகும்; பறவைகள் மேயும் ஈரக்கரையை இக்கொடி மூடிவிடின் மீட்பது அரிது.

அடையாளத்தில் ஐயமுற்றோர் பூவும் முதிர்ந்த இலையும் வேருமுள்ள ஒரு கொடியைச் செய்தித்தாளின் மடிப்பில் வைத்து, பாரமேற்றி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி, வாலிகண்டபுரம், சோழமாதேவி ஆகிய ஊர்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் காட்டலாம். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கப்பெற்ற ராபினாட் உலர்தாவரக் கூடமும் நமக்கு அண்மையில் உள்ளது. பச்சைமலை முதலிய மலைகளின் செடிகளை ஆராய்ந்த பாதிரியார் கே. எம். மாத்யூ நிறுவியது அது.

முடிவுரை

விவசாயிகள் நெல் விதை வாங்கும்போது ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை. மூலிகைக்கும் அவ்வழக்கமே வேண்டுவது. பெயர்ச் சீட்டை நம்பாமல் இலையைப் பார்க்கவேண்டும். மடலும் மினுக்கும் இருப்பின் வாங்கற்க. குறுகிய சொரசொரப்பான இலையுடன் ஒரு கொடி உங்கள் மதகடியிலோ கிணற்றடியிலோ தென்படின், அதனைப் பிடுங்காமல் நாலு துண்டு மட்டும் எடுத்து வீட்டுத் தொட்டியோரத்தில் ஊன்றுக. வேரூன்றிய பின் அண்டை வீட்டாருக்கும் நாலு துண்டு கொடுக்க. பூண்டு ஓரிடத்தில் அழியினும் மற்றோரிடத்தில் நிற்கும்.